நியூயார்க் சிட்டி கால்பந்துக் கழகம்

நியூயார்க் சிட்டி கால்பந்துக் கழகம் (சுருக்கமாக நியூயார்க் சிட்டி) என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயார்க் மாநகரைச் சேர்ந்த ஒரு தொழில்முறைக் கால்பந்துக் கழகம் ஆகும். அந்நாட்டின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான மேஜர் லீக் சாக்கரின் கிழக்குப் பிரிவில் இது விளையாடி வருகிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி கழகமும், நியூயார்க் யாங்கீஸ் என்னும் புகழ்பெற்ற பேஸ்பால் அணியின் உரிமையாளர்களும் இணைந்து 2013 ஆம் ஆண்டில் இதனைத் தோற்றுவித்தனர். 2015 ஆம் ஆண்டில் தனது முதற்போட்டியை ஆடிய இக்கழகம், 2021 ஆம் ஆண்டில் மேஜர் லீக் சாக்கர் கோப்பையை வென்றது.

ஓர் ஐரோப்பியக் கழகம் அமெரிக்காவில் புதிய அணி ஒன்றை உருவாக்கி நடத்தினால், அவ்வணி தன் நகரத்துக்காக ஆடுமா, தாய்க் கழகத்தின் தேவைக்காக ஆடுமா என்னும் வினாவுக்கு இக்கழகத்தின் வரலாறு முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பின்னணி

அமெரிக்காவில் கால்பந்து 'சாக்கர்' என அழைக்கப்படுகிறது. நியூயார்க்கில் இவ்விளையாட்டு புதியதன்று. 1975 ஆம் ஆண்டில் பிரேசிலின் பெலே நியூயார்க் காஸ்மோஸ் அணியில் சேர்ந்து 1977 வரை ஆடினார். ஆயினும், அவ்வணி பங்கேற்ற வட அமெரிக்க சாக்கர் லீக் 1984 ஆம் ஆண்டுத் தொடருடன் நின்றுபோனது. 1996 இல் மேஜர் லீக் சாக்கர் தொடங்கியபோது அப்பகுதிக்கு மெட்ரோஸ்டார்ஸ் என்னும் அணி கிடைத்தது. பின்னர் நியூயார்க் ரெட் புல்ஸ் எனப் பெயர் மாற்றம் பெற்ற அவ்வணியின் அரங்கம் அண்டை மாநிலமான நியூ ஜெர்சியில் அமைந்துள்ளது. எனவே மாநகர எல்லைக்குள்ளேயே ஆடும் ஓர் அணி வேண்டும் என்பது தொடர் நிருவாகத்தின் நெடுநாள் விருப்பமாக இருந்தது.

மறுபுறம், 1880 இல் தோன்றிய மான்செஸ்டர் சிட்டி கழகத்தை 2008 ஆம் ஆண்டு செப்டம்பரில் அபுதாபி அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் மன்சூரின் நிறுவனம் வாங்கியது. அதன்பின் பெரும் முதலீடு குவிந்தது. 2012 இல் பார்சிலோனா கழகத்தின் முன்னாள் நிருவாகியான ஃபெர்ரான் சொரியானோ தலைமைச் செயல் அலுவலராகப் பொறுப்பேற்றார். ஒரே கழகத்தின் பெயரை உலகெங்கும் விற்பதைவிட, ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர்க் கழகம் ஒன்றை வைத்திருப்பதே நல்லது என்பது அவருடைய திட்டம். அத்திட்டத்தின் முதற்படி நியூயார்க்கில் எடுத்து வைக்கப்பட்டது.

தோற்றம்

2013 ஆம் ஆண்டு மே 21 ஆம் நாள், மேஜர் லீக் சாக்கரின் ஆணையர் டான் கார்பர் நியூயார்க் சிட்டி கழகத்தை அத்தொடரின் 20 ஆவது அணியாக அறிவித்தார். அணி உரிமத்திற்கான கட்டணம் 10 கோடி அமெரிக்க டாலர் ஆகும். உரிமையில் 80 விழுக்காடு மான்செஸ்டர் சிட்டி தரப்புக்கும், 20 விழுக்காடு யாங்கீஸ் தரப்புக்கும் உரியதாக இருந்தது. மான்செஸ்டர் சிட்டிக்குக் கால்பந்து அறிவும் பணமும் இருந்தன. நியூயார்க்கில் அரங்கமும் அறிமுகமும் இல்லை. யாங்கீசிடம் அவ்விரண்டும் இருந்தன. இதுவே கூட்டின் அடிப்படை.

மான்செஸ்டர் சிட்டிக்கு ஆடிய அனுபவம் உள்ளவரும், அமெரிக்கத் தேசிய அணியின் முன்னாள் தலைவருமான கிளாடியோ ரெய்னா விளையாட்டு இயக்குநராக அமர்த்தப்பட்டார். முதல் தலைமைப் பயிற்சியாளரான ஜேசன் கிரைஸ், அணிக்கு வீரர்கள் சேருமுன்பே 2014 ஆம் ஆண்டில் மான்செஸ்டருக்குச் சென்று அங்குள்ள பயிற்சி முறைகளைக் கற்றார்.

இதே காலத்தில் மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளர்கள் 'சிட்டி கால்பந்துக் குழுமம்' என்னும் தாய் நிறுவனத்தை அமைத்தனர். மான்செஸ்டர் சிட்டியும் நியூயார்க் சிட்டியும் அதன்கீழ் கொண்டுவரப்பட்டன. ஆகவே, சட்டப்படி நோக்கினால் இவையிரண்டும் ஒரே உரிமையாளரின் உடன்பிறப்புக் கழகங்களாகும்.

பெயரும் சின்னமும்

கழகத்தின் பெயரில் உள்ள 'சிட்டி' என்னும் சொல் நியூயார்க் மாநகரையும் மான்செஸ்டர் சிட்டியையும் ஒருசேரச் சுட்டுகிறது. 2014 ஆம் ஆண்டு மார்ச்சில் இரண்டு சின்னங்கள் மக்கள் முன் வைக்கப்பட்டு, வாக்கெடுப்பின் வழி ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. நியூயார்க் சுரங்க இரயிலில் முற்காலத்தில் பயன்பட்ட பயண வில்லையை ஒத்த வட்ட வடிவம் உடையது அச்சின்னம். அதில் உள்ள ஐங்கோணம் மாநகரின் ஐந்து பெருநகர்ப் பகுதிகளைக் குறிக்கிறது.

சின்னம் உள்ளூருக்கு உரியதாக அமைந்தபோதும், 2014 நவம்பரில் வெளியான முதற்சீருடை மான்செஸ்டர் சிட்டியின் வான்நீல நிறத்திலேயே இருந்தது. மார்பில் அபுதாபியின் எதிகாட் வானூர்தி நிறுவனத்தின் பெயரும் மான்செஸ்டரைப் போன்றே இடம்பெற்றது. தமக்கெனத் தனி நிறம் வேண்டும் என இரசிகர்களில் ஒரு பகுதியினர் குறைபட்டுக் கொண்டனர்.

தொடரின் அமைப்பு

இக்கூட்டின் எல்லைகளை அறிய மேஜர் லீக் சாக்கரின் அமைப்பை அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் ஒவ்வொரு கழகமும் தனித்தனி நிறுவனம். வீரர்கள் கழகத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்வர். கடைசி இடங்களைப் பெறும் அணிகள் அடுத்த நிலைத் தொடருக்கு இறக்கப்படும். மேஜர் லீக் சாக்கரிலோ தொடர் முழுவதும் ஒரே நிறுவனம் ஆகும். அணி உரிமையாளர்கள் அதன் பங்காளிகள். வீரர்களின் ஒப்பந்தங்கள் தொடரின் பெயரிலேயே அமைகின்றன. தரவிறக்கம் கிடையாது. அணியின் மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பும் உண்டு. டேவிட் பெக்கம் வருகையையொட்டி 2007 இல் கொண்டுவரப்பட்ட விதியின்படி, ஒரு சில வீரர்களுக்கு மட்டும் வரம்பைக் கடந்து ஊதியம் தரலாம்.

ஆகவே, தாய்க் கழகம் எவ்வளவு செல்வம் படைத்ததாயினும் அச்செல்வத்தைக் கொண்டு அணி முழுவதையும் நட்சத்திரங்களால் நிரப்ப இயலாது. அதனால் கூட்டின் பயன் பெரும்பாலும் பயிற்சியாளர், பயிற்சி முறை, வீரர்களைத் தேடிக் கண்டறியும் வலையமைப்பு ஆகியவற்றின் வழியே வந்து சேர்கிறது.

மற்றொரு வேறுபாடு நாட்காட்டி ஆகும். இங்கிலாந்தில் ஆட்டப் பருவம் ஆகஸ்டு முதல் மே வரை நீள்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் சிட்டி தொடங்கிய காலத்தில் மார்ச்சு முதல் திசம்பர் வரை நடைபெற்றது. இந்த இடைவெளியே கழகத்தின் முதற்பெரும் சிக்கலுக்கு வழிவகுத்தது.

லாம்பார்ட் விவகாரம்

கழகம் ஒப்பந்தம் செய்த முதல் வீரர், எசுப்பானியத் தேசிய அணிக்காக மிகுதியான கோல்கள் அடித்தவரான டேவிட் வில்லா ஆவார். 2014 சூனில் அவர் அறிவிக்கப்பட்டார். அடுத்த மாதம் 24 ஆம் நாள், செல்சி கழகத்தில் 13 ஆண்டுகள் ஆடி விடைபெற்ற இங்கிலாந்து நடுக்கள வீரர் ஃபிராங்க் லாம்பார்ட் அறிமுகப்படுத்தப்பட்டார். நியூயார்க்கில் நடந்த விழாவில் அவரைக் கண்ட இரசிகர்கள் பலர் பருவச்சீட்டுகளை வாங்கினர்.

அணியின் முதற்போட்டிக்கு ஏழு மாதங்களுக்கு மேல் இருந்தமையால், வில்லா குழுமத்தின் ஆசுத்திரேலியக் கழகமான மெல்பர்ன் சிட்டிக்கு அனுப்பப்பட்டு அங்கு நான்கு போட்டிகளில் ஆடித் திரும்பினார். லாம்பார்ட் ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டிக்குச் சென்றார். அவர் இரவல் வீரராகச் செல்கிறார் என்றும், ஆண்டின் இறுதியில் நியூயார்க்கிற்குத் திரும்புவார் என்றும் கூறப்பட்டது. செப்டம்பர் 21 ஆம் நாள் மாற்று வீரராகக் களமிறங்கிய அவர், தமது பழைய கழகமான செல்சிக்கு எதிராகவே கோல் அடித்து ஆட்டத்தை 1–1 எனச் சமன் செய்தார். பயிற்சியாளர் மனுவல் பெயெகிரினிக்கு அவரை விட்டுவிட மனமில்லை.

2014 திசம்பர் 31 ஆம் நாள், லாம்பார்ட் இங்கிலாந்துப் பருவம் முடியும்வரை மான்செஸ்டரிலேயே தங்குவார் என அறிவிக்கப்பட்டது. நியூயார்க் சிட்டி தனது முதல் ஆண்டின் ஏறத்தாழப் பாதியை அவரின்றி ஆட வேண்டியதாயிற்று. அதனினும் பெரிய அதிர்ச்சி சில நாட்களில் வந்தது. லாம்பார்ட் நியூயார்க் சிட்டியின் வீரராக ஒருபோதும் பதிவு செய்யப்படவில்லை என்பது வெளியாயிற்று. அவர் ஒப்பந்தம் செய்திருந்தது மான்செஸ்டர் சிட்டியுடன். நியூயார்க்கிற்கு ஆடுவதாகக் குழுமத்திடம் அவர் அளித்திருந்தது கட்டுப்படுத்தாத ஓர் உறுதிமொழி மட்டுமே. வீரர் ஒப்பந்தங்களைத் தன் பெயரில் வைத்திருக்கும் மேஜர் லீக் சாக்கரிடம் அவருக்கான ஒப்பந்தம் ஏதும் இருக்கவில்லை. 'இரவல்' என்ற சொல் சரியானதன்று என மான்செஸ்டர் சிட்டியும் ஒப்புக்கொண்டது.

'தர்ட் ரெயில்' என்னும் இரசிகர் அமைப்பு இதனைக் கடுமையாகக் கண்டித்தது. தமது கழகம் மான்செஸ்டரின் கிளை அலுவலகம் போன்று நடத்தப்படுகிறது என்பதே அவர்களின் மனக்குறை. பருவச்சீட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள் யாரை நம்பிக் கட்டினரோ அவரே வரவில்லை என்பதால், இது உணர்ச்சி சார்ந்த மனக்குறை மட்டுமாக இருக்கவில்லை.

லாம்பார்ட் இறுதியில் 2015 கோடையில் வந்து சேர்ந்தார். ஆகஸ்டு 1 ஆம் நாள் முதன்முறையாக ஆடினார். தொடக்கத்தில் இரசிகர்களின் எதிர்ப்பை எதிர்கொண்ட அவர், 2016 சூலையில் கொலராடோ ரேபிட்ஸ் அணிக்கு எதிராகக் கழக வரலாற்றின் முதல் மும்முறை கோலை அடித்து அவர்களின் பாராட்டையும் பெற்றார். அவ்வாண்டு இறுதியில் விடைபெற்றார்.

களத்தில்

2015 மார்ச்சு 8 ஆம் நாள் நடைபெற்ற முதற்போட்டியில் நியூயார்க் சிட்டி, அதே ஆண்டு தொடரில் இணைந்த ஒர்லாண்டோ சிட்டியை எதிர்கொண்டது. 62,000 க்கும் மேற்பட்டோர் கண்ட அப்போட்டி 1–1 எனச் சமனில் முடிந்தது. மிக்ஸ் டிஸ்கெருட் கழகத்தின் முதல் கோலை அடித்தார். இறுதி நேரத்தில் பிரேசிலின் காக்கா சமன் செய்தார். மார்ச்சு 15 ஆம் நாள் யாங்கி விளையாட்டரங்கில் 43,507 பார்வையாளர்கள் முன்னிலையில் நடந்த முதல் தாயகப் போட்டியில் நியூ இங்கிலாந்து ரெவல்யூசன் அணியை 2–0 என வென்றது.

இத்தாலியின் ஆந்திரேயா பிர்லோவும் சூலையில் இணைந்தார். மூன்று உலகப் புகழ் வீரர்கள் இருந்தும் கழகம் 34 போட்டிகளில் 10 இல் மட்டுமே வென்றது. இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. கிரைஸ் ஓர் ஆண்டிலேயே நீக்கப்பட்டார்.

அடுத்து மான்செஸ்டர் சிட்டியின் இளையோர் அணிப் பயிற்சியாளர் பேட்ரிக் வியேரா அனுப்பப்பட்டார். 2016 மே 21 ஆம் நாள் சொந்த அரங்கில் ரெட் புல்ஸ் அணியிடம் 0–7 எனத் தோற்றபோதும், அவ்வாண்டில் கழகம் கிழக்குப் பிரிவில் இரண்டாமிடம் பெற்றது. டேவிட் வில்லா 2016 இல் தொடரின் மிகச்சிறந்த வீரராகத் தேர்வானார். வியேரா 2018 சூனில் பிரான்சின் நீஸ் கழகத்துக்குச் சென்றதும், மான்செஸ்டரில் பெப் குவார்டியோலாவின் துணைப் பயிற்சியாளராக இருந்த டொமினெக் டொரென்ட் பொறுப்பேற்றார். அவர் காலத்தில், 2019 இல் கழகம் கிழக்குப் பிரிவில் முதலிடம் பெற்றது.

முதற்கோப்பை நார்வே நாட்டவரான ரோனி டைலாவின் காலத்தில் கிட்டியது. 2021 திசம்பர் 11 ஆம் நாள் போர்ட்லாந்தில் நடந்த இறுதிப்போட்டியில் வலென்டின் காஸ்டெயானோஸ் முதற்பாதியில் அடித்த கோலால் முன்னிலை பெற்ற நியூயார்க் சிட்டி, ஆட்டம் முடியும் கடைசி நொடிகளில் போர்ட்லாந்து டிம்பர்ஸ் அணி சமன் செய்ததால் தடுமாறியது. எனினும், கோல்காப்பாளர் ஷான் ஜான்சனின் தடுப்புகளால் தண்ட உதைகளில் 4–2 என வென்றது. ஜான்சன் ஆட்ட நாயகனாகத் தேர்வு பெற்றார். வில்லா, லாம்பார்ட், பிர்லோ ஆகிய எவரும் அப்போது அணியில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

2022 செப்டம்பரில் மெக்சிகோவின் அட்லாஸ் கழகத்தை 2–0 என வென்று கம்பியோனஸ் கோப்பையையும் கைப்பற்றியது.

தலைமைப் பயிற்சியாளர்கள்

ஜேசன் கிரைஸ் – 2014 முதல் 2015 வரை
பேட்ரிக் வியேரா – 2016 முதல் 2018 வரை (முன்பு மான்செஸ்டர் சிட்டி இளையோர் அணி)
டொமினெக் டொரென்ட் – 2018 முதல் 2019 வரை (முன்பு மான்செஸ்டர் சிட்டி துணைப் பயிற்சியாளர்)
ரோனி டைலா – 2020 முதல் 2022 வரை
நிக் குஷிங் – 2022 முதல் 2024 வரை (முன்பு மான்செஸ்டர் சிட்டி மகளிர் அணி)
பாஸ்கல் யான்சன் – 2025 இல் பொறுப்பேற்றார்

வீரர் பரிமாற்றம்

குழுமத்தின் கழகங்களுக்கிடையே வீரர்கள் இடம்பெயர்வது வழக்கம். அனைத்திலும் ஏறத்தாழ ஒரே ஆட்டமுறை கற்பிக்கப்படுவதால், வீரர் புதிய இடத்தில் விரைவில் பொருந்துவார் என்பது இதன் பின்னுள்ள எண்ணம்.

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் கல்வி பயின்ற ஜாக் ஹாரிசன், 2016 முதல் நியூயார்க் சிட்டியில் ஆடி 2018 சனவரியில் மான்செஸ்டர் சிட்டிக்கு மாற்றப்பட்டார். அங்கு முதன்மை அணிக்கு ஒரு போட்டியிலும் ஆடாமல், இரவல் வீரராக மிடில்ஸ்பரோவுக்கும் லீட்ஸ் யுனைடெட்டுக்கும் அனுப்பப்பட்டு, இறுதியில் லீட்சுக்கு விற்கப்பட்டார். மான்செஸ்டர் சிட்டியின் வீரராக இருந்த வெனிசுவேலாவின் யாங்கெல் எரேரா, எதிர்த்திசையில் இரவல் வீரராக நியூயார்க் வந்து 2017, 2018 ஆண்டுகளில் ஆடினார்.

அர்ச்சென்டினாவின் காஸ்டெயானோஸ் இம்முறையின் முழு வட்டத்தையும் காட்டுகிறார். அவர் குழுமத்தின் உருகுவாய்க் கழகமான மொந்தேவீடியோ சிட்டி டோர்க்கிலிருந்து 2018 இல் நியூயார்க் வந்தார். 2021 இல் 19 கோல்களுடன் தொடரின் தங்கக் காலணியை வென்றார். 2022 இல், பருவத்தின் நடுவிலேயே, குழுமத்துக்குப் பங்குள்ள எசுப்பானியக் கழகமான கிரோனாவுக்கு இரவலாக அனுப்பப்பட்டார். அங்கு 2023 ஏப்ரலில் ரியல் மாட்ரிட் அணிக்கு எதிராக ஒரே போட்டியில் நான்கு கோல்கள் அடித்தார். அவருக்கு ஐரோப்பிய வாய்ப்புக் கிட்டியது என்பது ஒரு பார்வை. நடப்புக் கோப்பையாளரான நியூயார்க் சிட்டி தனது சிறந்த முன்கள வீரரைப் பாதி வழியில் இழந்தது என்பது மற்றொரு பார்வை. இரண்டுமே உண்மையாகும்.

விளையாட்டரங்கம்

கழகத்தின் மற்றொரு நீண்டகாலக் குறை சொந்த அரங்கம் இல்லாமை ஆகும். தொடங்குமுன்பே குயின்ஸ் பகுதியின் ஃபிளஷிங் மெடோஸ் பூங்காவில் அரங்கம் கட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பொதுப் பூங்கா நிலத்தைத் தனியாருக்குக் கொடுப்பதை அப்பகுதி மக்கள் எதிர்த்தமையால் அது கைவிடப்பட்டது.

இதனால் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள யாங்கி விளையாட்டரங்கமே தாயகமாயிற்று. பேஸ்பாலுக்கெனக் கட்டப்பட்ட அவ்வரங்கில் கால்பந்துக் களம் 110 கெசம் நீளமும் 70 கெசம் அகலமும் மட்டுமே கொண்டது. இது தொடரின் மிகச்சிறிய களங்களுள் ஒன்று. யாங்கீஸ் அணியின் போட்டிகள் இருக்கும் நாட்களில் கழகம் வேறிடம் தேட வேண்டியிருந்தது. நியூ ஜெர்சியிலுள்ள போட்டியாளர் ரெட் புல்சின் அரங்கிலும், கனெடிகட் மாநிலத்திலும் 'தாயக' ஆட்டங்கள் நடந்தன. 2022 இல் வட அமெரிக்கக் கண்டக் கோப்பைக்கான ஒரு தாயகப் போட்டி நாட்டின் மறுகோடியிலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஆடப்பட்டது.

2022 நவம்பரில் குயின்சின் வில்லட்ஸ் பாயிண்ட் பகுதியில் 25,000 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கம் அறிவிக்கப்பட்டது. மாநகர மன்றம் 2024 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது; அவ்வாண்டு திசம்பரில் பணி தொடங்கியது. 78 கோடி டாலர் மதிப்பிலான இத்திட்டத்தின் கட்டுமானச் செலவைக் கழகமே ஏற்கிறது. சுற்றிலும் 2,500 குடியிருப்புகளும் ஒரு பள்ளியும் திட்டத்தில் அடங்கும். அரங்கத்துக்கு 'எதிகாட் பார்க்' எனப் பெயரிடப்பட்டுள்ளது. மான்செஸ்டர் சிட்டியின் அரங்கமும் அதே நிறுவனத்தின் பெயரையே தாங்கியுள்ளது. 2027 இல் திறக்கத் திட்டமிடப்பட்டுள்ளது.

பிற கூட்டு முயற்சிகள்

வெளிநாட்டுக் கழகம் ஒன்று அமெரிக்காவில் அணி தொடங்குவது இது முதன்முறையன்று. மெக்சிகோவின் குவாதலகாரா கழகத்தின் உரிமையாளர்கள் தொடங்கிய 'சீவாஸ் யூ.எஸ்.ஏ.' 2005 இல் மேஜர் லீக் சாக்கரில் இணைந்தது. தாய்க் கழகத்தின் பெயரையும் சிவப்பு வெள்ளைச் சீருடையையும் அப்படியே கொண்டிருந்த அவ்வணி, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் போதிய ஆதரவைப் பெறாமல் 2014 இறுதியில் கலைக்கப்பட்டது. நியூயார்க் சிட்டி களமிறங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன் நிகழ்ந்த இம்முடிவு ஓர் எச்சரிக்கையாகவே அமைந்தது.

கீழ்நிலைத் தொடர்களில் ஆங்கிலக் கழகங்களும் முயன்றுள்ளன. கிரிஸ்டல் பேலசின் பெயரில் 2006 இல் தோன்றிய 'கிரிஸ்டல் பேலஸ் பால்டிமோர்' 2010 வரையே ஆடியது. ஸ்டோக் சிட்டியின் இயக்குநர்களுள் ஒருவரான ஃபில் ராலின்ஸ் டெக்சாசில் தொடங்கிய 'ஆஸ்டின் ஆஸ்டெக்ஸ்' ஸ்டோக் சிட்டியுடன் கூட்டு வைத்திருந்தது. 2010 இறுதியில் அது ஒர்லாண்டோவுக்கு இடம்பெயர்ந்தது. நியூயார்க் சிட்டியின் முதற்போட்டியில் எதிரணியாக நின்ற ஒர்லாண்டோ சிட்டி இவ்வாறு உருவானதேயாகும்.

தாக்கம்

நியூயார்க்கில் சோதிக்கப்பட்ட முறை பின்னர் பல நாடுகளுக்கும் விரிந்தது. மெல்பர்ன், மொந்தேவீடியோ, கிரோனா, துருவா, பலெர்மோ எனக் குழுமம் வளர்ந்தது. 2019 நவம்பரில் இந்தியாவின் மும்பை சிட்டி கழகத்தின் 65 விழுக்காட்டுப் பங்குகளையும் அது வாங்கியது. ஒரே உரிமையாளர் பல கழகங்களை வைத்திருப்பது வீரர் சந்தையையும் போட்டியின் நேர்மையையும் பாதிக்கும் என்ற விமரிசனமும் உடன் வளர்ந்தது. அபுதாபி தனது பெயரை மேம்படுத்திக்கொள்ளக் கால்பந்தைப் பயன்படுத்துகிறது என மனித உரிமை அமைப்புகளும் குறைகூறியுள்ளன.

மேஜர் லீக் சாக்கர் தனது பருவத்தை 2027 முதல் கோடையில் தொடங்கி வசந்த காலத்தில் முடியுமாறு மாற்றப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. இதன்மூலம் லாம்பார்ட் விவகாரத்துக்குக் காரணமான நாட்காட்டி வேறுபாடு பெருமளவு நீங்கும். அதே 2027 இல் சொந்த அரங்கமும் அமையுமாயின், வாடகைக் களத்தில் தொடங்கிய இக்கழகம் தன் நகரில் நிலையான இடத்தைப் பெறும்.